ரெசிஸ்டிவ் தொடுதிரையை ஆர்டுயினோ, ஈஎஸ்பி32 உடன் இணைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்டுயினோ, ஈஎஸ்பி32 என்பவை நாம் நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகைகள். அவற்றோடு இணைக்க, சந்தையில் சிவப்புப் பலகையோடு வரும் 2.4, 2.8, 3.2 அங்குலத் திரைகளைப் பற்றியது இந்தப் பக்கம்; அழுத்துவதை உணரும் ரெசிஸ்டிவ் வகை இது. 240×320 புள்ளிகள், திரையை ஓட்ட ஐஎல்ஐ9341 சிப், தொடுதலைப் படிக்க எக்ஸ்பிடி2046 சிப். வேறு அளவுத் திரை வைத்திருந்தாலும் தொடுதல் பகுதி பெரும்பாலும் இதே மாதிரிதான் வேலை செய்யும்.

என்னிடம் இருப்பது ரெசிஸ்டிவ் திரைதானா? எப்படித் தெரிந்துகொள்வது?

நகத்தால் மெல்ல அழுத்திப் பாருங்கள். மேல்பரப்பு பிளாஸ்டிக் படலமாக இருந்து லேசாக அமுங்கினால் ரெசிஸ்டிவ். கண்ணாடி மாதிரி கெட்டியாக இருந்தால் கெபாசிடிவ். அதற்கு ஜிடி911, எஃப்டி6206 போன்ற வேறு சிப்கள் உண்டு, இங்கே சொல்வது எதுவும் அதற்குப் பொருந்தாது.

அதைவிட முக்கியமான சோதனை ஒன்று இருக்கிறது. பலகையைத் திருப்பி, 16 கால் கொண்ட சிறிய சிப் இருக்கிறதா என்று பாருங்கள். தொடுதிரை உள்ளதற்கும் இல்லாததற்கும் ஒரே பலகையைத்தான் அச்சடிக்கிறார்கள். டி_சிஎஸ், டி_டின் என்று பின்களுக்குப் பெயர் போட்டிருக்கும், ஆனால் சிப்புக்கான இடம் காலியாக இருக்கும். வாங்கும்போதே பின்பக்கப் படத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

விரல் வைத்த இடம் எப்படித் தெரிகிறது?

மின் கடத்தும் ஐடிஓ பூச்சு கொண்ட இரண்டு பரப்புகள் இருக்கின்றன. கீழே கண்ணாடி, மேலே படலம். இரண்டும் தொட்டுக்கொள்ளாமல் இருக்க நடுவே கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய புள்ளிகள். அழுத்தும்போது அந்த இடத்தில் மட்டும் இரண்டும் ஒட்டுகின்றன.

ஒரு பரப்பின் இரு ஓரங்களுக்கும் வோல்டேஜ் கொடுத்தால், ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அது சீராகக் குறைந்துகொண்டே போகும். தொட்ட புள்ளியில் என்ன வோல்டேஜ் இருக்கிறது என்பதை இரண்டாவது பரப்பின் வழியாக அளக்கிறோம். அது எக்ஸ். பிறகு இரண்டு பரப்புகளின் வேலையையும் மாற்றி அளந்தால் ஒய். பழைய ரேடியோவின் வால்யூம் குமிழுக்குள் நடப்பதும் இதேதான். இங்கே குமிழைத் திருகுவதற்குப் பதில் விரலை வைக்கிறோம். திரை நடந்துகொள்ளும் விதம் புரியாமல் போகும்போதெல்லாம் இந்த ஒரு படத்தை மனதில் கொண்டுவந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அப்படியானால் தனியாக ஒரு சிப் எதற்கு? ஆர்டுயினோ ஊனோவிலேயே வோல்டேஜை அளக்கும் அனலாக் பின்கள் இருக்கின்றனவே?

சிப் இல்லாமலும் செய்யலாம். நான்கு பின்கள் போதும், அவற்றில் இரண்டு அனலாக்காக இருக்க வேண்டும். ஊனோவின் மேல் அப்படியே செருகும் திரைகள் பலவும் இந்த வழியில்தான் இயங்குகின்றன. ஆனால் அவற்றில் தொடுதலுக்கான கம்பிகளும் திரைக்கான கம்பிகளும் ஒன்றே. ஒவ்வொரு முறை தொடுதலைப் படித்த பிறகும் அந்தப் பின்களை மறுபடி அவுட்புட்டாக மாற்றாவிட்டால் திரையில் வரைவது நின்றுபோகும்.

துல்லியத்திலும் வித்தியாசம் உண்டு. ஊனோவின் அளவி 10 பிட், அதாவது முழு அகலத்துக்கும் 1024 படிகள். எக்ஸ்பிடி2046 தருவது 12 பிட், 4096 படிகள். 320 புள்ளி கொண்ட பக்கத்தில் ஒரு புள்ளிக்கு முதலாவதில் மூன்று படி, இரண்டாவதில் பதின்மூன்று படி என்று தோராயமாகச் சொல்லலாம். அதோடு சிப் அளக்கும் விதம் ஒன்று இருக்கிறது: பேனலின் இரு முனைகளில் உண்மையில் இருக்கும் வோல்டேஜையே அளவுகோலாக வைத்துக்கொள்ளும். பேட்டரி இறங்கினாலும் எண் நகராது. டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரக் குறிப்பில்) டிஃபரன்ஷியல் முறை என்று குறிப்பிடுவது இதைத்தான். என் கருத்தில் சிப்பை வைத்துக்கொள்ள இதுவே முதல் காரணம்; 12 பிட் என்பது அதற்கு அடுத்ததுதான்.

எக்ஸ்பிடி2046-ம் ஏடிஎஸ்7843, டிஎஸ்சி2046 என்பவையும் ஒன்றா?

ஒரே குடும்பம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎஸ்சி2046-க்குக் கால் வரிசை, கட்டளை இரண்டிலும் பொருந்தும்படி செய்த சிப் எக்ஸ்பிடி2046. சந்தேகம் வந்தால் டிஎஸ்சி2046 டேட்டாஷீட்டைப் படியுங்கள்; விளக்கம் தெளிவாக இருக்கும்.

கம்பிகளை எப்படி இணைப்பது?

தொடுதலுக்கு ஐந்து பின்கள்: டி_கிளாக், டி_சிஎஸ், டி_டின், டி_டிஓ, டி_ஐஆர்க்யூ. முதல் நான்கும் எஸ்பிஐ, அதாவது சிப்கள் எண்களைப் பரிமாறிக்கொள்ளும் ஒரு பொது முறை. ஐந்தாவது, தொட்டதைத் தெரிவிக்கும் கம்பி, கட்டாயமில்லை.

ஈஎஸ்பி32-ல் வழக்கமான எஸ்பிஐ பின்கள் 18 கிளாக், 23 மோசி (சிப்புக்கு அனுப்புவது), 19 மிசோ (சிப்பிலிருந்து வாங்குவது). திரையின் கிளாக்கையும் டி_கிளாக்கையும் சேர்த்து 18-க்கும், திரையின் எஸ்டிஐ, டி_டின் இரண்டையும் 23-க்கும் கொடுங்கள். டி_டிஓ 19-க்குப் போகட்டும். சிஎஸ் என்பது எந்த சிப்போடு பேசுகிறோம் என்று காட்டும் கம்பி; திரைக்கு ஒன்று, தொடுதலுக்கு வேறொன்று. டி_சிஎஸ்ஸை 21-ல் வைப்பது பரவலான வழக்கம்.

நிரலின் முதல் வரிகளிலேயே எல்லா சிஎஸ் பின்களையும் அவுட்புட்டாக்கி ஹை (வோல்டேஜ் உள்ள) நிலையில் வைத்துவிடுங்கள், பலகையில் உள்ள எஸ்டி கார்டின் சிஎஸ்ஸையும் சேர்த்துத்தான். இல்லாவிட்டால் திரையைத் துவக்கும் கட்டளைகளை மற்ற சிப்பும் தனக்கென்று எடுத்துக்கொண்டு நடுவில் பேசத் தொடங்கும்.

திரை தன் பதிலை அனுப்பும் எஸ்டிஓ பின்னையும் 19-க்குக் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். விதிப்படி, தன் சிஎஸ் ஹையாக இருக்கும்போது ஒரு சிப் தன் வெளியீட்டுக் கம்பியை விட்டுவிட வேண்டும். சில திரைகள் விடுவதில்லை. அப்போது தொடுசிப் அனுப்பும் எண்ணைத் திரை அமுக்கிவிடும். தொட்டாலும் தொடாவிட்டாலும் ஒரே எண்தான் வரும். திரையிலிருந்து எதையும் திருப்பிப் படிக்கும் தேவை நமக்குப் பெரும்பாலும் வருவதில்லை, ஆகவே எஸ்டிஓவை அந்தரத்தில் விட்டுவிடலாம்.

"திரை நன்றாக ஓடுகிறது, தொடுதல் மட்டும் செத்துக் கிடக்கிறது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்தக் கம்பியைத்தான்.

ஊனோ 5 வோல்ட் ஆயிற்றே, திரை எரிந்துவிடாதா?

ஐஎல்ஐ9341-ன் சிக்னல் கம்பிகள் 3.3 வோல்ட்டுக்கானவை. பலகையில் வோல்டேஜைக் குறைக்கும் ரெகுலேட்டர் இருப்பதால் விசிசி என்ற மின்சாரப் பின்னுக்கு 5 வோல்ட் கொடுக்கலாம், ஆனால் அது மின்சாரத்துக்கு மட்டும். சிக்னல்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. 3.3 வோல்ட்டில் இயங்கும் ஒரு 74எச்சி4050 சிப்பை நடுவில் வையுங்கள், அல்லது ஒவ்வொரு கம்பிக்கும் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் கொண்டு பிரித்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும் டி_டிஓ கம்பிக்கு எதுவும் வேண்டாம், 3.3 வோல்ட்டை ஊனோ 1 (ஹை) என்றே எடுத்துக்கொள்ளும்.

ஈஎஸ்பி32, ராஸ்பெரி பை பிகோ ஆகியவை தாமே 3.3 வோல்ட் என்பதால் இந்தத் தலைவலியே இல்லை. புதிதாகத் தொடங்குபவர் என்றால் ஊனோவை விட்டுவிட்டு இவற்றில் ஒன்றை எடுங்கள்.

எந்த லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு)?

இரண்டு பேர் கேட்டால் இரண்டு பதில் சொல்வேன். திரையும் தொடுதலும் ஒரே எஸ்பிஐ கம்பிகளைப் பகிர்ந்துகொண்டால் டிஎஃப்டி_ஈஎஸ்பிஐ போதும். அதன் யூசர்_செட்டப் கோப்பில் டச்_சிஎஸ் வரியைத் திறந்து பின் எண்ணைக் கொடுத்தால் தொடுதல் வேலை செய்யும். தனித்தனிக் கம்பிகள் என்றால் அது உதவாது. அப்போது பால் ஸ்டாஃப்ரஜன் எழுதிய எக்ஸ்பிடி2046_டச்ஸ்கிரீன் லைப்ரரி.

எதை எடுத்தாலும் வேகத்தைக் கவனியுங்கள். திரையை 40 மெகாஹெர்ட்ஸில் ஓட்டலாம். தொடுசிப்புக்கு 2 மெகாஹெர்ட்ஸ், மிஞ்சிப் போனால் 2.5. இந்த லைப்ரரிகள் ஒவ்வொரு முறையும் வேகத்தை மாற்றிக்கொள்கின்றன. நீங்களே எஸ்பிஐ நிரல் எழுதினால் பிகின்ட்ரான்சாக்ஷன், எண்ட்ரான்சாக்ஷன் இரண்டுக்கும் நடுவில் வைத்து எழுதுங்கள்.

மஞ்சள் நிற ஈஎஸ்பி32 பலகையில் தொடுதல் வேலை செய்யவில்லை. ஏன்?

ஈஎஸ்பி32-2432எஸ்028 என்ற பெயரில், திரையும் ஈஎஸ்பி32-ம் ஒன்றாகச் சேர்ந்து வரும் மலிவுப் பலகை அது. அதில் தொடுசிப்புக்குத் தனிக் கம்பிகள்: கிளாக் 25, மோசி 32, மிசோ 39, சிஎஸ் 33, ஐஆர்க்யூ 36. திரையோ 14, 13, 12, 15 பின்களில் இருக்கிறது. டிஎஃப்டி_ஈஎஸ்பிஐயின் தொடுதல் பகுதி திரையின் கம்பிகளிலேயே தொடுசிப்பைத் தேடும், அங்கே யாருமில்லை. வரைவதற்கு டிஎஃப்டி_ஈஎஸ்பிஐ, தொடுதலுக்கு மேலே சொன்ன இரண்டாவது லைப்ரரி என்று சேர்த்துப் பயன்படுத்துங்கள். அந்த லைப்ரரிக்கு இந்தப் பின்களோடு தனியாக ஒரு எஸ்பிஐ ஆப்ஜெக்ட் உருவாக்கிக் கொடுக்க வேண்டும்.

லைப்ரரி இல்லாமல் நேரடியாக சிப்போடு பேச முடியுமா?

முடியும், ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும் வேலை. செய்து பார்ப்பதை நான் பரிந்துரைக்கவும் செய்வேன், ஏனென்றால் இதற்குப் பிறகு லைப்ரரி என்ன செய்கிறது என்பது மர்மமாக இருக்காது.

ஒரு பைட் கட்டளை அனுப்புகிறோம், 16 பிட் பதில் வருகிறது. கட்டளையின் முதல் பிட் எப்போதும் 1. அடுத்த மூன்று பிட் எதை அளக்க வேண்டும் என்பது: 001 என்றால் ஒய், 101 என்றால் எக்ஸ், 011-ம் 100-ம் அழுத்தத்துக்கான இரண்டு அளவுகள். ஐந்தாவது பிட் 0 என்றால் 12 பிட் பதில், 1 என்றால் 8 பிட். ஆறாவது 0 என்றால் டிஃபரன்ஷியல் முறை. கடைசி இரண்டும் 00 என்றால், அளந்து முடித்ததும் சிப் தூங்கப் போகும், ஐஆர்க்யூ கம்பியும் விழித்திருக்கும்.

ஆக, ஒய்க்கு 10010000, எக்ஸுக்கு 11010000. அனுப்பிய பிறகு இரண்டு வெற்று பைட்களை அனுப்பி 16 பிட்டை வாங்குங்கள். முதல் பிட் வெறும் காத்திருப்பு; பிறகு 12 பிட் எண்; மீதி மூன்றும் பூஜ்யம். எனவே வந்ததை மூன்று இடம் வலப்பக்கம் தள்ளினால் 0 முதல் 4095 வரையிலான எண் கையில்.

எப்போதும் 0 வருகிறது, அல்லது 8191 வருகிறது. என்ன கோளாறு?

12 பிட் எண் 4095-ஐத் தாண்டவே முடியாது. 8191 வந்தால் 16 பிட்டும் ஒன்றாகவே வந்து, மூன்று இடம் தள்ளப்பட்டிருக்கிறது என்று பொருள். அதாவது டி_டிஓ கம்பி ஹையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது அல்லது எதனோடும் இணையாமல் தொங்குகிறது. எப்போதும் 0 என்றால் சிப்புக்கு மின்சாரம் இல்லை, சிஎஸ் தவறான பின்னில் இருக்கிறது, இல்லையேல் மேலே சொன்ன எஸ்டிஓ தகராறு.

எண்கள் வருகின்றன, ஆனால் ஒரு திசையில் மட்டும் மாறுகின்றன என்றால் பேனலின் வால் நாடாவைப் பாருங்கள். நான்கு கோடுகளில் ஒன்று விட்டுப்போயிருக்கலாம்.

பொதுவாக ஒன்று சொல்கிறேன். பட்டன், மெனு எல்லாம் வரைவதற்கு முன்னால், வெறும் எண்களை சீரியல் மானிட்டரில் (பலகை அனுப்புவதைக் கணினியில் காட்டும் சாளரம்) ஓடவிட்டு நான்கு மூலைகளையும் தொட்டுப் பாருங்கள். அங்கே எண் சரியாக வராமல் மேற்கொண்டு எழுதும் ஒவ்வொரு வரியும் வீண்.

எண்கள் சரி, ஆனால் புள்ளி திரையில் துள்ளிக்கொண்டே இருக்கிறது.

விரல் இறங்கும் கணத்திலும் எடுக்கும் கணத்திலும் இரண்டு பரப்புகளும் அரைகுறையாகத்தான் ஒட்டியிருக்கும். அப்போது எடுத்த எண் எங்கோ போய் விழும். சராசரி எடுப்பதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும் வழி. ஆனால் ஒரே ஒரு கெட்ட எண் சராசரியையே இழுத்துவிடும். ஐந்து முறை படித்து வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுங்கள்; கெட்டவை தாமாக ஓரத்துக்குப் போய்விடும். அளவை மாற்றியதும் வரும் முதல் எண்ணையும் வீசிவிடுங்கள், வோல்டேஜ் நிலைகொள்ளச் சற்று நேரம் வேண்டும்.

பேனல் கம்பிகளுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 0.01 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர் போட்டால் திரையிலிருந்து வரும் இரைச்சல் அடங்கும். ஆனால் நிலைகொள்ளும் நேரம் கூடும், அவசரமாகப் படித்தால் தவறான எண் வரும். மென்பொருளில் சரி செய்ய முடியாவிட்டால் மட்டும் இந்தப் பக்கம் வாருங்கள்.

அழுத்தத்தை அளக்க முடியுமா?

ஓரளவுக்கு. இசட்1, இசட்2 என்று இரண்டு எண்களை சிப் தரும். எக்ஸ் பரப்பின் மின்தடை × (எக்ஸ் எண் ÷ 4096) × (இசட்2 ÷ இசட்1 − 1) என்று கணக்கிட்டால் தொட்ட இடத்தின் மின்தடை கிடைக்கும். அழுத்தம் கூடினால் அது குறையும். லைப்ரரிகள் இவ்வளவு சிரமப்படுவதில்லை. இசட்1 + 4095 − இசட்2 என்று ஒரு எண்ணைப் போட்டு, அது ஒரு வரம்பைத் தாண்டினால் தொட்டதாக எடுத்துக்கொள்கின்றன. டிஎஃப்டி_ஈஎஸ்பிஐயில் அந்த வரம்பு வழக்கமாக 600. லேசான தொடுதல் பதிவாகவில்லை என்றால் குறையுங்கள், தொடாமலே பட்டன் அழுந்தினால் கூட்டுங்கள்.

தூரிகை போலக் கோட்டின் தடிமனை மாற்றுமளவுக்கு இந்த எண் நம்பகமானது அல்ல.

காலிபரேஷன் (சிப் தரும் எண்ணைத் திரைப் புள்ளியோடு பொருத்துவது) கட்டாயமா? எப்படிச் செய்வது?

கட்டாயம். பேனல் ஒவ்வொன்றும் ஒட்டப்பட்ட விதத்தில் கொஞ்சம் மாறும், எண்களும் 0-ல் தொடங்கி 4095-ல் முடிவதில்லை. வேறொருவர் நிரலிலிருந்து எடுத்த எண்கள் உங்கள் பலகையில் சில மில்லிமீட்டர் தள்ளித்தான் விழும்.

எளிய வழி இரண்டு புள்ளிகள். திரையின் விளிம்பிலேயே குறி போடாதீர்கள், பெட்டியின் சட்டம் தடுக்கும். 20 புள்ளி உள்ளே தள்ளிப் போடுங்கள். உதாரணத்துக்கு, 320 புள்ளி நீளப் பக்கத்தில் 20-ஆம் புள்ளியைத் தொட்டபோது 380, 300-ஆம் புள்ளியைத் தொட்டபோது 3650 வந்தது என்று வையுங்கள். 3270 படிகள் 280 புள்ளிகளுக்குச் சமம். இனி 2015 என்று ஒரு எண் வந்தால், 20 + (2015 − 380) × 280 ÷ 3270 = 160. நடுப்புள்ளி, சரிதான்.

ஊனோவில் இதை நீங்களே கணக்குப் போட்டால் எச்சரிக்கை: அதன் இன்ட் 32767 வரைதான் தாங்கும், 1635 × 280 அதை எப்போதோ தாண்டிவிட்டது. லாங் என்று அறிவியுங்கள். ஆர்டுயினோவின் மேப் ஃபங்ஷன் உள்ளேயே லாங் என்பதால் அதில் பிரச்சினை வராது.

படலம் திரைமேல் சற்றுச் சாய்வாக ஒட்டப்பட்டிருந்தால் இரண்டு புள்ளி போதாது. மூன்று புள்ளிகளைத் தொட்டு, திரை எக்ஸ் = அ × எக்ஸ் + ஆ × ஒய் + இ என்ற வடிவில் ஆறு மாறிலிகளைக் கண்டுபிடிக்க வேண்டும், எக்ஸுக்கு மூன்று, ஒய்க்கு மூன்று. சாய்வு, அச்சு மாறியிருப்பது, தலைகீழாக இருப்பது எல்லாம் இந்த ஒரே கணக்கில் அடங்கிவிடும். 2.8 அங்குலத் திரையில் பெரிய பட்டன்களுக்கு இரண்டு புள்ளியே போதும். வரையும் செயலி எழுதினால் மூன்றுக்குப் போங்கள்.

டிஎஃப்டி_ஈஎஸ்பிஐயில் காலிபரேட்டச் ஃபங்ஷன் மூலைகளைத் தொடச் சொல்லி ஐந்து எண்களைத் தரும். அவற்றை ஃபிளாஷில் சேமித்து, அடுத்த முறை செட்டச் மூலம் திருப்பிக் கொடுத்துவிடலாம். சேமித்தது கெட்டுப்போனால் மீள ஒரு வழி வைத்திருங்கள்: போர்டு துவங்கும்போது திரையை அழுத்திப் பிடித்திருந்தால் காலிபரேஷன் மறுபடி ஓடட்டும்.

திரையைத் திருப்பினால் தொடுதல் வேறு பக்கம் போகிறது.

திரையின் சுழற்சி தொடுசிப்புக்குத் தெரியாது. எந்தச் சுழற்சியில் காலிபரேட் செய்தீர்களோ அதிலேயே பயன்படுத்துங்கள், அல்லது ஒவ்வொரு சுழற்சிக்கும் தனியாகச் சேமியுங்கள்.

ஐஆர்க்யூ கம்பி தேவையா?

சும்மா லூப்பில் 20 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை கேட்டுக்கொண்டிருந்தால் தேவையில்லை. தொட்டதும் அந்தக் கம்பி லோவுக்கு இறங்கும். அளவெடுக்கும் நடுவிலும் அது ஏறி இறங்குவதால் இன்டரப்ட் (ஓடும் நிரலை இடைமறிக்கும் அழைப்பு) பொய்யாக அடிக்கும். படிக்கும்போது இன்டரப்ட்டை அணைத்து, முடிந்ததும் திறந்துவிடுங்கள். கட்டளையின் கடைசி பிட் 1 ஆக இருந்தால் ஐஆர்க்யூ வரவே வராது என்பதும் நினைவிருக்கட்டும்.

இரண்டு விரலால் பெரிதாக்குவது?

முடியாது. இரண்டு இடத்தில் தொட்டால் நடுவே எங்கோ ஒரு புள்ளியைக் காட்டும். அது வேண்டுமென்றால் கெபாசிடிவ் வாங்குங்கள். கையுறை, எழுதுகோல், ஈரக் கை எல்லாவற்றுக்கும் ரெசிஸ்டிவ் பதில் சொல்லும், அதற்காகத்தான் இதை இன்னும் வைத்திருக்கிறோம்.

தனியாகக் கிடைத்த தொடுபேனல் ஒன்று இருக்கிறது. எந்தக் கோடு எது?

மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, நான்கு கோடுகளையும் இரண்டிரண்டாக அளந்து பாருங்கள். சில நூறு ஓம் காட்டும் ஜோடிகள் இரண்டு கிடைக்கும். ஒன்று எக்ஸ், மற்றது ஒய். ஜோடி மாற்றி அளந்தால் திறந்த நிலை, விரலை வைத்தால் மட்டும் ஏதோ ஒரு எண். பிளஸ், மைனஸ் மாறினால் திசைதான் தலைகீழாகும், காலிபரேஷனில் சரியாகிவிடும். ஐந்து கோடு இருந்தால் அது ஐந்து கம்பி வகை, இந்த சிப் அதற்கு ஆகாது.

எக்ஸ்பிடி2046-ஐத் தனியாக சால்டர் செய்வதானால் மின்சாரக் காலின் அருகிலேயே 0.1 மைக்ரோஃபேரட் வையுங்கள். பின்கள் பற்றாக்குறை என்றால் ஐ2சி வழியில் பேசும் டிஎஸ்சி2007 நல்ல மாற்று, இரண்டு கம்பியில் வேலை முடியும்.

பட்டன் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

2.8 அங்குலத் திரையின் காட்சிப் பரப்பு 43.2 × 57.6 மில்லிமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு ஐந்தரைப் புள்ளி. விரலுக்கு 10 மில்லிமீட்டர் கொடுத்தால் சுமார் 55 புள்ளி. எழுதுகோல் என்றால் அதில் பாதி போதும். ஓரத்து ஐந்தாறு புள்ளிகளில் எதையும் வைக்காதீர்கள். பெட்டியின் சட்டம் படலத்தின் மேல் அழுத்தி உட்கார்ந்தாலும் தொடாமலே தொட்டதாகக் காட்டும். சட்டத்துக்கும் படலத்துக்கும் இடையே மெல்லிய ஸ்பாஞ்ச் நாடா ஒட்டுங்கள்.

ஈஎஸ்பி32 ஆழ்ந்த தூக்கத்தில் இருக்கும்போது தொட்டு எழுப்ப முடியுமா?

முடியும். ஐஆர்க்யூ ஆர்டிசி வகைப் பின்னில், அதாவது தூக்கத்திலும் கவனிக்கப்படும் பின்னில், இருக்க வேண்டும். மஞ்சள் பலகையின் 36 அப்படிப்பட்டதுதான். ஒரு பின்னின் நிலையைப் பார்த்து எழும் ஈஎக்ஸ்டி0 விழிப்பை லோ நிலைக்கு அமைத்துக்கொள்ளுங்கள். 34 முதல் 39 வரையான பின்களில் ஈஎஸ்பி32-க்குள் புல்அப் (கம்பியை ஹையில் பிடித்து வைக்கும் மின்தடை) கிடையாது, ஆனால் தொடுசிப்புக்குள்ளேயே ஒன்று இருப்பதால் கவலையில்லை. தூங்கப் போகும் முன் 00-வில் முடியும் கட்டளையோடு ஒரு முறை படித்துவிடுங்கள். "தூங்கு" பட்டனை அழுத்திய விரல் இன்னும் திரைமேலேயே இருந்தால் அடுத்த நொடியே விழித்துக்கொள்ளும், ஆகவே ஐஆர்க்யூ ஹைக்குத் திரும்பும்வரை காத்திருந்து, பின்னொளியை அணைத்து, அப்புறம் தூங்கச் சொல்லுங்கள்.